பாம்பனில் இறங்கியவன்

வீரபத்திரன் இராமேஸ்வரத்துக்குப் புறப்பட்டது சாயங்கால வண்டியில் திரும்பிவிடுகிற எண்ணத்தோடுதான். மாற்று வேட்டிகூட எடுத்துக்கொள்ளவில்லை. தோளில் ஒரு துண்டு, மடியில் மஞ்சள் துணியால் வாய் கட்டிய சின்ன மண்கலயம், அவ்வளவுதான். கலயத்துக்குள் அவன் மனைவி நாகலெட்சுமியின் சாம்பல் இருந்தது.

நாடு சுதந்திரம் அடைந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த காலம். நயினார்கோவிலுக்குப் பக்கத்தில் மிளகாயும் நெல்லும் போடுகிற சம்சாரி அவன். முப்பது வயதுகூட நிரம்பவில்லை. சித்திரையில் நாகலெட்சுமிக்கு இரண்டாவது பிரசவம். பிள்ளை தங்கவில்லை. தாயும் காய்ச்சலில் விழுந்து, எழுந்திருக்காமலே போய்விட்டாள். மூத்தது பெண், முத்திருளாயி. அப்போதுதான் நடக்கப் பழகியிருந்த அந்தக் குழந்தையை நாகலெட்சுமியின் அண்ணன் செல்லச்சாமி தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்.

"சாயங்காலம் டேசன்ல மாட்டு வண்டியோட நிக்கிறேன் மாப்ளே. வெறும் வயித்தோட அலையாதீக," என்று இராமநாதபுரத்தில் ரயிலேற்றிவிட்டதும் செல்லச்சாமிதான்.

"வந்துர்றேன் மச்சான்," என்றான் வீரபத்திரன்.

கடலை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை. மண்டபம் தாண்டி வண்டி பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் தரை இல்லாமல் போனது. சக்கரச் சத்தம் மாறியது. கீழே பச்சையும் நீலமுமாகத் தண்ணீர் ஒளிந்து ஒளிந்து ஓடியது. வண்டி மனிதர்கள் இருக்கிற உலகத்தை விட்டுக் கிளம்பி, மெல்ல மெல்ல வேறெங்கோ போவதாக அவனுக்குத் தோன்றியது. அந்தப் பக்கம் போய் இறங்கினால் அவள் நிற்பாள் என்றுகூட ஒரு கணம் நினைத்தான். அப்படி நினைத்தது பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தது. ஆனாலும் மடியில் இருந்த கலயத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

கோவிலுக்குக் கிழக்கே கடலில் அலையே இல்லை. கண்மாய்த் தண்ணீர் போலக் கிடந்தது. "இது பெண்கடல். தெக்க இருக்கறதுதான் ஆண்கடல், அதுதான் கத்தும்," என்றான் பக்கத்தில் நின்ற படகுக்காரன் ஒருவன். ஐயர் சொன்னதையெல்லாம் சொல்லி, இடுப்பளவு தண்ணீரில் நின்று வீரபத்திரன் கலயத்தைக் கவிழ்த்தான். சாம்பல் உடனே கரையவில்லை. ஒரு சாம்பல் நிற மேகம் போல அவன் முழங்கையைச் சுற்றி நின்றது. பிறகு எந்த நொடியில் போனது என்றே தெரியாமல் போய்விட்டது. அவன் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கரையேறிய பிறகும் மணலில் உட்கார்ந்து பார்த்தான். வண்டி ஊதிக்கொண்டு போனது காதில் விழுந்தது, எழுந்திருக்கத் தோன்றவில்லை.

அங்கே கரையோரத்தில் வடக்கத்திப் பைராகிச் சாமியார்கள் சிலர் தங்கியிருந்தார்கள். அவர்களில் ஒரு கிழவர், காலையிலிருந்து அசையாமல் உட்கார்ந்திருக்கும் இவனைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், எழுந்து வந்தார். கையில் கருப்பாக ஒரு சின்ன உருண்டை, வெல்லத்தில் பொதிந்தது. "சாப்பிடு. தூக்கம் வரும்," என்றார், தெரிந்த கொஞ்சம் தமிழில். அந்த மனிதரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தூங்காத கண்ணைப் பார்த்தார். தன்னிடம் இருந்த மருந்தைக் கொடுத்தார். அது அபின்.

கொஞ்ச நேரத்தில் மணல் இளஞ்சூடானது. உடம்பிலிருந்த எலும்பெல்லாம் பஞ்சாகிவிட்டது போல இருந்தது. அஸ்தமிக்கிற வெளிச்சம் கடலுக்கு மேலே வராமல் கடலுக்குள்ளிருந்து வந்தது. திரும்பிப் பார்த்தான். நாகலெட்சுமி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஈரத்தலையோடு, கடலைப் பார்த்தபடி. அவன் பேசவில்லை, தொடவில்லை. அவள் இருக்கிறாள், அது போதும் என்று அப்படியே சாய்ந்து தூங்கிப்போனான்.

மறுநாள் அந்தக் கிழவரைத் தேடிப் போனான். அதற்கடுத்த நாளும் போனான்.

இப்படித்தான் அவன் இராமேஸ்வரத்தில் தங்கியது. பகலில் வண்டி வருகிற நேரம் டேசனுக்குப் போய் யாத்திரைக்காரர்களின் மூட்டையைச் சுமப்பான். சத்திரத்தில் சோறு கிடைத்தது. கிடைத்த சில்லறையெல்லாம் அந்தக் கருப்பு உருண்டைக்குப் போனது. கடுகளவு இருந்தது மிளகளவாகி, மிளகு சுண்டைக்காயானது. கிழவர் ஒரு நாள் தன் கூட்டத்தோடு வடக்கே போய்விட்டார். கொடுப்பதற்கு வேறு ஆள் இருந்தான். பொழுது சாயும்போது அவன் மணலில் வந்து உட்காருவான், அவளும் வந்து உட்காருவாள். பகல் என்பது அந்த வேளைக்காகக் காத்திருக்கிற நேரம், அவ்வளவுதான். வருஷங்கள் அலையில்லாத அந்தக் கடல் போலவே சத்தமில்லாமல் கிடந்தன.

முதல் வருஷம் செல்லச்சாமி இரண்டொரு தடவை வந்து கூப்பிட்டுப் பார்த்தார். "இன்னுங் கொஞ்ச நா இருந்துட்டு வாரேன் மச்சான்," என்று ஒவ்வொரு தடவையும் சொன்னான். பிறகு அவரும் வரவில்லை. மகளை அவன் மறந்துவிட்டான் என்று சொல்ல முடியாது. தூக்கத்தில் இருக்கிறவனுக்கு வெளியே யாரோ கூப்பிடுவது கேட்குமே, அந்த மாதிரி அவள் நினைப்பு தூரத்தில் இருந்தது.

ஒரு ஆடி அமாவாசைக்கு இராமேஸ்வரம் முழுக்க ஜனம். மத்தியானம் போல சத்திரத்துச் சுவரோரம் நிழலில் படுத்திருந்தவனை யாரோ தோளைத் தொட்டு எழுப்பினார்கள். செல்லச்சாமி. தலை நரைத்திருந்தது. அவர் விரலைப் பிடித்துக்கொண்டு பச்சைப் பாவாடை கட்டிய ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி நின்றாள். எண்ணெய் வழிய வழியத் தலை பின்னி, கனகாம்பரம் வைத்திருந்தது.

"இதாம்மா ஒங்க அய்யா," என்றார் செல்லச்சாமி.

வீரபத்திரன் எழுந்து உட்கார்ந்து சிரிக்க முயன்றான். முத்திருளாயி சிரிக்கவில்லை. அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு, இதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தது போலக் கேட்டாள்:

"எங்கம்மா எப்படி இருக்கும்?"

செல்லச்சாமி, "அதெல்லாம் பெறகு கேக்கலாம் தாயி," என்றார்.

"இல்ல மச்சான், கேக்கட்டும்," என்றான் வீரபத்திரன். ஊரில் நாகலெட்சுமிக்கு ஒரு போட்டோகூட எடுத்ததில்லை. மகளுக்குக் கொடுக்கத் தன்னிடம்தான் அவள் இருக்கிறாள் என்று நினைத்தபோது அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. "ஒங்கம்மா... மணல்ல ஒக்காந்திருக்கும் தாயி. முழங்காலக் கட்டிக்கிட்டு, கடலப் பாத்துக்கிட்டு."

சிறுமியின் நெற்றி சுருங்கியது. "எங்கம்மா கடலே பாத்ததில்லையாம். மாமா சொன்னாரு."

"எப்படிப் பேசும்?" என்றாள் அவள் விடாமல். "என்னைய என்னன்னு கூப்புடும்?"

அவன் யோசித்தான். உள்ளே போய்த் தேடினான். மணல் இருந்தது, ஈரத்தலை இருந்தது, கடலைப் பார்க்கிற ஒரு முதுகு இருந்தது. முகத்தைத் திருப்பிப் பார்க்கப் போனால் அங்கே வெளிச்சம்தான் இருந்தது. குரல் இல்லவே இல்லை. இத்தனை வருஷமும் அவளைப் பத்திரமாக வைத்திருப்பதாக அவன் நினைத்துக்கொண்டிருக்க, அந்த மருந்து அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, தன் விருப்பத்துக்கு ஒரு பொம்பளையைச் செய்து அங்கே உட்கார வைத்திருந்தது.

"மச்சான், நான் ஊருக்கு வாரேன்," என்றான். "இன்னைக்கே வாரேன்."

அன்றைக்கே மூவரும் வண்டியேறினார்கள். ஏறும்போதே வழக்கமான நேரம் தாண்டிவிட்டது. கொட்டாவி கொட்டாவியாக வந்தது. கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுகியது. முழங்காலுக்குள் யாரோ புகுந்து நரம்பைச் சுருட்டுவது போல இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த மகள் அவன் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பாம்பனில் வண்டி நின்றதும், "தண்ணி குடிச்சுட்டு வாரேன்," என்று இறங்கினான்.

உண்மையிலேயே தண்ணீர்தான் குடிக்கப் போனான். குடித்துவிட்டு நிமிர்ந்தால் கால் நகரவில்லை. திரும்பி ஓடினால் இராமேஸ்வரம். அங்கே உருண்டை இருக்கிறது. ஏறினால் ஊர், அங்கே அந்தக் கேள்வி இருக்கிறது. ஊதல் கேட்டது. வண்டி நகர்ந்தது. "மாப்ளே! மாப்ளே!" என்று செல்லச்சாமி கத்தினார். முத்திருளாயி கத்தவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பார்த்தாள். பாலத்தில் வண்டி மெல்லத்தான் போகும். வேகமாக நடந்தாலே பிடித்திருக்கலாம். கடலுக்கு மேலே பச்சைப் பாவாடை சின்னதாகி, புள்ளியாகி, வெளிச்சத்தில் கரைகிற வரைக்கும் அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

காலையில் அவனைக் கண்டுபிடித்தது புஷ்பமேரி. பாம்பன் கரையில் கருவாடு காயப்போடுகிற களம் ஒன்று அவளுடையது. ஓலைப்பாய் அடுக்கியிருந்த கொட்டகைக்குள் ஒருவன் சுருண்டு, வாந்தியிலும் பேதியிலும் கிடந்தான்.

"யாருய்யா அது? கருவாடே தேவலன்னு பண்ணிட்டியே!" என்று கத்திக்கொண்டு வந்தவள், கிட்டே வந்து கண்ணைப் பார்த்ததும் குரலை இறக்கினாள். "அபினா?"

தலையசைத்தான்.

"எங்கன வாங்குவ?"

"ராமேஸ்வரத்துல."

"தண்டவாளத்தப் புடிச்சு நடந்தா உச்சிப்பொழுதுக்குள்ள போயிரலாம். இல்லன்னா அந்தா வாளி கெடக்கு, மீன் அலசணும். ரெண்டுல ஒண்ணச் செய்யி. சும்மா இங்கன கெடக்காத."

அன்று அவனால் இரண்டையும் செய்ய முடியவில்லை. பூவரச மரத்தடியில் கிடந்தான். அவள் வைத்துவிட்டுப் போன கஞ்சியைக் குடித்து, குடித்ததைக் கக்கினான். வெயிலில் குளிர்ந்தது, நிழலில் எரிந்தது. தோலுக்கு அடியில் எறும்பு ஊர்ந்தது. நெத்திலி காய்கிற வாசனையும் கடற்காற்றும் கலந்து அவனுக்குள் போய்ப் போய் வந்தன. தூக்கம் என்று ஒன்று இருந்ததையே உடம்பு மறந்துவிட்டது. சில நாள் கழித்து எழுந்து உட்கார்ந்தான். பிறகு வாளியைத் தூக்கினான். பாதித் தண்ணீர்தான் தூக்க முடிந்தது.

அங்கேயே அவன் திருந்திவிட்டான் என்று சொன்னால் பொய். கையில் கூலி வந்த உடனே ஒரு நாள் தண்டவாளத்தைப் பிடித்து நடந்தே போனான். அதே மணலில் உட்கார்ந்தான். அவள் வந்தாள். ஆனால் அவள் யாரென்று இப்போது அவனுக்குத் தெரிந்துவிட்டதால், பக்கத்தில் வேற்றுப் பெண் உட்கார்ந்தது போலக் கூச்சமாக இருந்தது. எழுந்து திரும்பவும் பாம்பனுக்கே நடந்து வந்தான். புஷ்பமேரி வாளியைக் காட்டினாள். அதற்குப் பிறகும் போனான், வந்தான்.

அப்படி வந்த ஒரு நாள் மீனைப் பரப்பிக்கொண்டே அவளாகப் பேசினாள். "எங்க வீட்டுக்காரரு கில்பர்ட்டு, பாய்மரம் முறிஞ்சு தலையில விழுந்து செத்தாரு. அடக்கம் முடிஞ்ச கையோட நான் சாராயம் குடிக்க ஆரம்பிச்சேன் அண்ணே. கோயில்ல சாமியார் வஞ்சாரு. எங்க அண்ணன் அடிச்சான். நான் கேக்கல. குடிச்சா அவரு வருவாருன்னு குடிச்சேன்."

"வந்தாரா?"

"எங்க வந்தாரு? வாந்திதான் வந்துச்சு."

வீரபத்திரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். பிறகு, "ஒங்களுக்கு வருதாக்கும்?" என்றாள்.

"வருது. ஆனா அது அவ இல்ல."

புஷ்பமேரி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு அடுத்த பாய்க்கு நகர்ந்தாள்.

ஐப்பசி வந்தது. ஒரு பிற்பகல், களம் முழுக்க சாளை மீன் காய்ந்துகொண்டிருந்தது. வடகிழக்கில் கடலும் வானமும் ஒரே கருப்பாகச் சேர்ந்துகொண்டன. காற்று நின்றது. பாம்பன் பாலம் அந்த இருட்டுக்குள் பாதிவரை போய்க் காணாமல் போயிருந்தது. புஷ்பமேரி தன் வீட்டு வாசலிலிருந்து ஓடி வந்தாள்.

"மழ வருது! அள்ளுங்க! அள்ளுங்க!"

வீரபத்திரன் குனிந்தான். ஓலைப்பாயின் நுனியைப் பிடித்தவன் அப்படியே நின்றுவிட்டான். அந்தச் சொல் அவனுக்குள் எங்கேயோ போய் இடித்தது. களம் தெரியவில்லை. தன் வீட்டு முற்றம் தெரிந்தது. சித்திரை வெயிலில் சிவப்பாகப் பரப்பிக்கிடந்த மிளகாய் தெரிந்தது. உள்ளே கட்டிலில் காய்ச்சலில் கிடந்த நாகலெட்சுமி தெரிந்தாள். கோடை மழை இருட்டிக்கொண்டு வந்த நேரம். அவள் கண்ணைத் திறந்து, கட்டையான குரலில் சொன்னாள்:

"வெளிய மொளகா கெடக்கு. மழ வருது. போய் அள்ளுங்க."

கண்மாய்க்கு அந்தக் கரையில் நிற்கிறவனை இந்தக் கரையிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கரகரத்துப்போன குரல். அவளுடையதே. எட்டுத் திசையிலும் தேடிக் கிடைக்காத குரல். அவன் போய் மிளகாயை அள்ளினான். ஒரு பழம்கூட நனையாமல் சாக்கில் போட்டுக் கட்டிவிட்டு உள்ளே வந்தபோது அவள் இல்லை.

மழை விழுந்தது. வீரபத்திரன் மீனை அள்ளினான். வாரி வாரிக் கூடையில் போட்டான். கடைசிப் பாயும் கொட்டகைக்குள் போன பிறகு களத்தின் நடுவில் உட்கார்ந்து, வாயைத் திறந்து, மாடு கத்துவது போலக் கத்தி அழுதான். மயானத்தில் அழாத அழுகை. கடலில் கலயத்தைக் கவிழ்த்தபோதும் அழாதது. புஷ்பமேரி கொட்டகைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிடவில்லை. மழை விட்டதும் ஒரு பழைய வேட்டியைக் கொண்டு வந்து தோளில் போட்டு, "துவட்டுங்கண்ணே," என்றாள். அவன் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னான். "நான் கிட்ட இல்லாமப் போயிட்டேன் தங்கச்சி," என்றான்.

"அந்த மகராசி சாகுற நேரத்துல மொளகாயப் பத்தி நெனச்சிருக்கு," என்றாள் புஷ்பமேரி. "வீட்டுல ஒரு ஆளு இருக்காரு, சொன்னா செய்வாருன்னு நெனச்சிருக்கு. நிம்மதியாத்தான் போயிருக்கும்."

அது உண்மையா, ஆறுதலா என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தக் குரல் வந்த வழியாகவே மற்றதும் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியது. மீன் அலசும்போது, உப்புப் போடும்போது, காற்று திரும்பும்போது வந்தது. அழகாக வரவில்லை. கோபக்காரியாக வந்தாள். ரோட்டில் அவனுக்கு முன்னால் நடக்கிறவளாக, புளியங்காயில் உப்பு தொட்டுத் தின்று முகத்தைச் சுளிக்கிறவளாக, காக்காயோடு சண்டை போடுகிறவளாக வந்தாள். ஒரு தடவை கண்மாயில் அவனைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டு மூக்கால் சிரித்தாளே, அந்தச் சிரிப்போடும் வந்தாள். ஒவ்வொன்றும் வலித்தது. வலித்தாலும் அது அவள்.

தை பிறந்ததும் ஊருக்குப் போனான். பாலத்தின் மேல் வண்டி போனபோது கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது மண்டபம் வந்திருந்தது.

செல்லச்சாமி வீட்டில் முத்திருளாயி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு வெளியே வரவில்லை. "எப்பப் போவீக?" என்று மட்டும் உள்ளேயிருந்து கேட்டாள்.

"போகல தாயி."

"அன்னைக்குத் தண்ணி குடிச்சுட்டு வாரேன்னீக."

செல்லச்சாமியின் மனைவி சோணையம்மாள் சோறு போட்டாள்; வாசலில் உட்கார்ந்து தின்றான். மறுநாள் தன் பழைய நிலத்தில் இறங்கினான். சாயங்காலம் வேலை முடிந்து வந்து, கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, ஒரே ஒரு விஷயம் சொன்னான். "ஒங்கம்மா ஒன்னைய 'ஏ குட்டிச் சாத்தான்'னு கூப்புடும்."

கதவுக்குப் பின்னாலிருந்து காலடிச் சத்தம் அடுப்படிக்கு ஓடியது. "அத்த, நெசமா?" "நெசந்தாண்டி," என்றாள் சோணையம்மாள்.

அதிலிருந்து தினமும் ஒன்று சொன்னான். முத்திருளாயி ஒவ்வொன்றையும் அத்தையிடம் கொண்டுபோய் உரசிப் பார்த்தாள். அவள் கதவை விட்டு வெளியே வந்து உட்கார அடுத்த அறுவடை ஆகிவிட்டது. மிளகாய் அள்ளிய நாளைப் பற்றி அவன் சொன்னது அதற்கும் வெகுகாலம் கழித்து. அன்றைக்கு அவள் அவன் கையை எடுத்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டாள்.

உடம்பு மறக்கவில்லை. காற்றில் ஈரம் ஏறுகிற சில அந்திகளில் முழங்காலுக்குள் பழைய நரம்பு சுருளும். வாயில் அந்தக் கசப்பு ஊறும். அப்போதெல்லாம் கண்மாய்க் கரையைச் சுற்றி இருட்டு விழும்வரை நடப்பான். ஒரே ஒரு வருஷம், திருவிழாவுக்குப் போனவன் இரண்டு நாள் வரவில்லை. வந்தபோது கண்ணைப் பார்த்தே எல்லோருக்கும் தெரிந்தது. செல்லச்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். முத்திருளாயி ஒரு செம்பு நீர்மோரை அவன் முன்னால் வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு அப்படி நடக்கவில்லை.

அவள் தாவணி போட்ட வருஷம் ஒரு சாயங்காலம் அவன் நிலத்திலிருந்து வந்ததும், அவன் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவளே கேட்டாள். "அய்யா, அம்மா ஒங்கள மொதமொதல்ல எங்க வச்சுப் பாத்துச்சு தெரியுமா?"

"கல்யாணத்துலதான்."

"இல்ல. நயினார்கோவில் திருநாள்ல. அத்தையும் அம்மாவும் வளையல் கடையில நின்னாகளாம். அந்தா அவருதான் ஒன்னையப் பாக்க வரப்போறவருன்னு அத்த காட்டுச்சாம். நீங்க கரும்பு தின்னுக்கிட்டு நின்னீகளாம்."

வீரபத்திரன் தோளில் இருந்த மண்வெட்டியை இறக்க மறந்து நின்றான். இது அவனுக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் யாரும் சொல்லவில்லை.

"ஒங்கம்மா என்ன சொல்லுச்சு?"

"காது பெருசா இருக்கு, சொன்னது கேக்கும்னு சொல்லுச்சாம்."

அவன் சிரித்தான். பல் தெரிய, தோள் குலுங்கச் சிரித்தான். முத்திருளாயி அப்படி ஒரு சிரிப்பை அவனிடம் பார்த்ததில்லை. வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

"வேற என்ன சொல்லுச்சாம்? அத்தகிட்டக் கேட்டுட்டு வா."

உள்ளே சோணையம்மாள் உலை வைத்துக்கொண்டிருந்தாள். அரிசியைப் போட்டுவிட்டுத்தான் சொல்வேன் என்று பதில் வந்தது. வீரபத்திரன் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கால் கழுவி, அடுப்படி வாசலில் போய் உட்கார்ந்துகொண்டான்.